நாலாவது ஓடுபாதை

வெள்ளவத்தை,
1.2.1998

அன்புள்ள பவளத்துக்கு,

நான் சுகம். நீயும் அம்மாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். அம்மாவின் முழங்கால் நோ எப்படி? ஆள் மூலம் அனுப்பிய தைலம் வந்து சேர்ந்ததா?

இங்கே எல்லாம் வழமைபோல. காலையில் பொரளை சுற்றிப் போகும் பஸ்ஸில் ஏறிக் கொட்டாஞ்சேனையில் இறங்குகிறேன். மர்ஸூக் நானாவின் அச்சகத்தில் பின்னேரம் வரை மற்றவர்களின் எழுத்தில் பிழை பார்க்கிறேன். கல்யாண அழைப்பிதழ், செத்தவர்களுக்கான அந்தியேட்டி மலர், மருந்துக்கடைப் பற்றுச்சீட்டு. எதிர்க் கதிரையில் பஹ்மியா இருந்து நான் விட்ட பிழைகளைப் பார்க்கிறாள். வீட்டுக்கு வந்தால் மயிலம்மா அக்கா தேத்தண்ணீரோடு வாசலில் நிற்பா. வாடகைக்கு அறை தந்தவ என்றாலும் என் வரவு அவவுக்கு ஒரு கணக்கு. "பிள்ளை, சோதனைச் சாவடியில எங்கயாவது மறிச்சவங்களோ?" என்று கேட்பா. இல்லை என்றால் அன்றைய நாள் அவவுக்கு முடிந்துவிடும்.

நாவலடிக்குளத்தை விட்டு வந்து நாலு வருடமாகிறது. உன் போன கடிதத்தில் நீ படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தைப் பற்றி மூன்று வரிதான் இருந்தது. எனக்கு அது போதாது. இல்ல விளையாட்டுப் போட்டி வரப்போகிறது அல்லவா? வெறும் முடிவுகளை எழுதாதே. நாலு நிற அணிகளாய்ப் பிரிந்த இல்லங்களில் எது எந்தப் பக்கம் நின்றது, கொடிக்கம்பம் எங்கே, பிரதம விருந்தினர் எங்கே இருந்தார், எல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். உனக்குக் கீற வரும். ஒரு படமாகக் கீறி அனுப்பு. என் அறையில் ஒரு சுவர் வெறுமையாக இருக்கிறது.

அம்மாவின் கையைப் பிடித்து இதை வாசித்துக் காட்டு.

அக்கா
அருந்ததி

*

சிவமயம்

நாவலடிக்குளம்,
15.3.1998

அன்பு அக்காவுக்கு,

அம்மாவும் நானும் சுகம். நீங்களும் சுகமாக இருக்கப் பிள்ளையாரை நினைத்துக்கொள்கிறோம். தைலம் வந்தது. போத்தலில் அரைவாசிதான் இருந்தது. வழியில் யாரோ ஒரு முழங்கால் நோக்காரர் எடுத்திருப்பார் என்று அம்மா மன்னித்துவிட்டா.

போட்டி போன வெள்ளிக்கிழமை நடந்தது. விளையாட்டு மாஸ்டர் வவுனியாவுக்கு மாற்றலாகிப் போய்விட்டதால் மைதானம் முழுவதும் விஞ்ஞானம் படிப்பிக்கும் செல்லையா சேரின் பொறுப்பு. சுண்ணாம்பு இல்லை. அடுப்புச் சாம்பலால் கோடு போட்டோம். போன வருடம் பெரிய சண்டை நடந்ததை எழுதினேனோ தெரியாது. ஓட்டத்தில் வெளிப்பாதைப் பிள்ளைகளை மாஸ்டர் முன்னுக்கு நிறுத்திவிட்டாராம், அது கள்ள ஆட்டமாம் என்று தாய் தகப்பன்மார் வேலியில் ஏறி நின்று சத்தம் போட்டார்கள். இந்த முறை அந்தக் கதைக்கே இடமில்லை. நாலு இல்லத்துப் பிள்ளைகளும் ஒரே கோட்டில் நின்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. செல்லையா சேருக்கு நல்ல பெயர்.

பிரதம விருந்தினர் எங்கள் உப தபாலதிபர் சின்னராசா ஐயா. அணிநடை மரியாதையை ஏற்க அவர் எழும்பப் பார்த்தபோது கதிரையின் பின்கால்கள் இரண்டும் மண்ணுக்குள் புதைந்துவிட்டன. அரைவாசி எழும்பிய நிலையிலேயே நாலு இல்லங்களின் மரியாதையையும் ஏற்றுக்கொண்டார். பிறகு மாணவத் தலைவர்கள் அவரையும் கதிரையையும் தனித்தனியாக எடுத்தார்கள்.

இனிக் கவலையான செய்தி. பதினோராம் வகுப்பு இராமலெட்சுமியை உங்களுக்குத் தெரியும். எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்த சுடலைமுத்து அண்ணையின் மகள். மூன்று வருடமாக இருநூறு மீற்றரில் அவளை ஒருவரும் கிட்டவும் நெருங்கியதில்லை. இந்த முறை தகப்பன் அவளிடம் சொல்லி அனுப்பியது இதுதான்: ஓட்டத்தில் முதலாவதாக வந்து, மற்றப் பள்ளிக்கூடங்களோடு ஓடும் வலயப் போட்டிக்குப் போனால் படிக்கலாம், இல்லாவிட்டால் மிளகாய்த் தோட்டத்துக்கு வரவேண்டும். குலுக்கலில் அவளுக்கு நாலாவது பாதை வந்தது. ஒரு கை நீளத்தால் பச்சை இல்லத்துப் பிள்ளையிடம் தோற்றுவிட்டாள். அவள் அழவில்லை. சப்பாத்தைக் கழற்றி அதன் சொந்தக்காரியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

படம் தனித்தாளில் இருக்கிறது. சிவப்புப் பேனை ஒன்றுதான் இருந்தது. அம்புக்குறிகள் அணிநடை போன வழி. நாலு பெட்டிகளும் நாலு இல்லங்கள், உள்ளே இல்லத் தலைவர்களின் பெயர். வட்டத்துக்குள் பெருக்கல் அடையாளம் போட்டது பிரதம விருந்தினரின் இடம்.

கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்தோடே இருக்கிறீர்கள்.

உங்கள் தங்கை
பவளராணி

*

வெள்ளவத்தை,
20.4.1998

அன்புள்ள பவளம்,

சுகமாக இருக்கிறேன். வருடப் பிறப்பன்று மயிலம்மா அக்கா பொங்கினா. உங்கள் இருவருடைய பங்கையும் நானே சாப்பிட்டேன்.

உன் கடிதத்தைப் பஹ்மியாவுக்கு வாசித்தேன். கதிரைக் கதையில் அவள் சிரித்த சிரிப்புக்கு மர்ஸூக் நானா உள்ளேயிருந்து வந்து பார்த்தார். படத்தைக் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். காலையில் எழும்பினால் முதலில் நாவலடிக்குளம்தான். கொடிக்கம்பம், கிணறு, சின்னராசா ஐயா. மயிலம்மா அக்கா அதைப் பார்த்துக் காணி உறுதிப் பத்திரமோ என்று கேட்டா. விளையாட்டுப் போட்டி என்று விளங்கப்படுத்தினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "எண்டாலும் கழட்டி வையும் பிள்ளை" என்றா. அவவுக்கு எதிலும் பயம். நான் கழற்றவில்லை.

இராமலெட்சுமியின் செய்தி மனதில் நிற்கிறது. சுடலைமுத்து அண்ணை சொன்னதைச் செய்கிற மனிதர். அதற்குப் பிறகு என்ன நடந்தது?

அம்மாவை இரவில் பனியில் இருக்க விடாதே.

அக்கா
அருந்ததி

*

நாவலடிக்குளம்,
17.5.1998

அன்பு அக்காவுக்கு,

இங்கே நாங்கள் நலம். நீங்களும் அப்படியே என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

இரண்டாம் தவணை தொடங்கியது. இராமலெட்சுமி வரவில்லை. இடாப்புக் கூப்பிடும்போது அவளுடைய பெயர் வந்ததும் பிள்ளைகள் அவள் இருந்த இடத்தைப் பார்க்கிறார்களாம். நானும் பள்ளிக்கூட அதிபர் நமசிவாயம் சேரும் அவர்களுடைய கொட்டிலுக்குப் போனோம். அவள் மிளகாய்க் கன்றுகளுக்கு வாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சேரைக் கண்டதும் வாளியைப் பின்னால் மறைத்தாள், அது ஏதோ களவெடுத்த சாமான்போல.

டிசம்பரில் அவளுக்கு அரசாங்கச் சாதாரண தரப் பரீட்சை, ஆறு மாதம் பொறுக்கச் சொல்லி சேர் எவ்வளவோ சொன்னார். சுடலைமுத்து அண்ணை மரியாதையாகத்தான் பேசினார். "சாமி, நான் புள்ளைய ஏமாத்தல. ஜெயிச்சா படின்னேன். அவளும் சரின்னா. வாக்குன்னா ரெண்டு பக்கமும் வாக்குத்தானே" என்றார்.

வலயப் போட்டி ஜூனில். பச்சை இல்லத்துப் பிள்ளை போகிறாள். அவள்கூட என்னிடம் வந்து, தான் எப்படி வென்றாள் என்று தனக்கே விளங்கவில்லை என்றாள்.

அக்கா, நீங்கள் சுடலைமுத்து அண்ணைக்கு ஒரு கடிதம் எழுதினால் என்ன? கொழும்பிலிருந்து வரும் கடிதத்தை அவர் யாரையாவது கொண்டு வாசிப்பித்துக் கேட்பார். உடனே எழுதுங்கள்.

அம்மா உங்களை மெலிய வேண்டாமாம்.

உங்கள் பவளம்

*

நாவலடிக்குளம்,
21.6.1998

அன்பு அக்காவுக்கு,

நலம். உங்கள் நலத்தை அறிந்து ஏழு வாரமாகிறது.

ஏப்ரல் கடிதத்துக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. தபால் பிந்துகிறது என்று சின்னராசா ஐயா சொல்கிறார். ஆனால் மற்றவர்களுக்குக் கொழும்பிலிருந்து வருகிறது. நான் கேட்டதை எழுத விருப்பமில்லையென்றால் அதையாவது எழுதியிருக்கலாம்.

வலயப் போட்டி பின்போடப்பட்டுவிட்டது. திகதி இல்லை. பள்ளிக்கூடத்தில் கூரை மேய்கிறார்கள், அதனால் வகுப்புகள் மரத்தடியில் நடக்கின்றன. மழை இல்லாதபடியால் வசதிதான். பாட்டுப் போட்டிக்குப் பழகும் பிள்ளைகளுக்குக் குயில்கள் போட்டி.

இராமலெட்சுமியை நேற்றுக் குளக்கட்டில் கண்டேன். தலையில் விறகு. என்னைக் கண்டதும் நடையைக் கூட்டினாள். விறகோடும் அவளைப் பிடிக்க என்னால் முடியவில்லை.

அம்மா தபால் வரும் நேரத்துக்குப் படலைக்குப் போகிறா, அவ்வளவுதான்.

பவளராணி

*

கொட்டாஞ்சேனை,
27.6.1998

அன்புத் தங்கச்சி பவளராணிக்கு,

நான் பஹ்மியா. அருந்ததியோடு ஒரே அச்சகத்தில் வேலை செய்கிறேன். நீங்களும் உங்கள் அம்மாவும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

உங்கள் மே மாதக் கடிதம் வந்து சேர்ந்தது. அக்காவுக்கு அம்மாள் வருத்தம் போட்டிருக்கு. பயப்படும்படி இல்லை. கையில் எல்லாம் கொப்புளம், அதனால் எழுத ஏலாது. மற்றவர்களுக்குத் தொற்றும் என்று வேறொரு இடத்தில் தனியாக வைத்திருக்கிறார்கள். இன்று மர்ஸூக் நானாவும் நானும் சோறு கொண்டு போனோம். பத்து நிமிடம் பேச விட்டார்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில் அவ என்னிடம் இரண்டு விடயம் சொன்னா. ஒன்று, நான் நல்லா இருக்கிறேன் என்று எழுது. மற்றது எனக்கு விளங்கவில்லை, சொன்னபடியே எழுதுகிறேன்: "படத்தில் இருக்கிற மாதிரி இருநூறு மீற்றருக்கும் நாலு பேரும் ஒரே கோட்டிலதான் நிண்டவையோ எண்டு பவளத்திட்ட கேள். அப்பிடியெண்டா ஒரு கயிறு எடுத்து முதலாம் பாதையையும் நாலாம் பாதையையும் சுத்தி அளக்கச் சொல்லு. இராமலெட்சுமி தோற்கேல்லை."

காய்ச்சலில் பிதற்றுகிறாவோ என்று பார்த்தேன். நெற்றி சுடவில்லை. மூன்று தரம் என்னைத் திருப்பிச் சொல்ல வைத்தா.

அக்காவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். உங்கள் அம்மா சமைக்கிற மாதிரி இருக்காது, ஆனால் பட்டினி இல்லை.

இப்படிக்கு
பஹ்மியா

*

நாவலடிக்குளம்,
2.8.1998

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் உடம்பு தேறிவிட்டதா? பஹ்மியா அக்காவின் கடிதமும், "சுகம், யோசிக்க வேண்டாம்" என்று நீங்கள் எழுதிய தபாலட்டையும் ஒரே நாளில் வந்தன. கோபமாக எழுதியதற்கு என்னை மன்னியுங்கள். அம்மா உடனே வேப்பிலை கட்டி, அம்மனுக்கு நேர்த்திக்கடன் வைத்துவிட்டா. நான் கடிதத்தை அவவுக்கு வாசிக்கும்போது பத்து நிமிட வரியை விட்டுவிட்டேன். அம்மாள் வருத்தத்துக்கு நிமிடக் கணக்கு வைக்கிறவர்கள் யார் என்று நானே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, அளந்தோம்.

சாம்பல் கோடு அழிந்துபோயிருந்தது, ஆனால் முளைகளின் குழிகள் இருந்தன. நமசிவாயம் சேர் கிணற்றுக் கயிற்றைக் கழற்றி வந்தார். முதலாம் பாதையை ஒரு சுற்று, நாலாம் பாதையை ஒரு சுற்று. கயிறு போதாமல் மாட்டுக் கயிறு முடிந்தோம். வித்தியாசம் ஐம்பத்தாறு அடி ஏழு அங்குலம். செல்லையா சேர் மண்ணிலேயே குந்தியிருந்து கணக்குப் போட்டார். விடை அதேதான். "விஞ்ஞானம் படிப்பிக்கிற நான்" என்று மட்டும் சொன்னார். மாஸ்டர் போன வருடம் வெளிப்பாதைக்காரரை முன்னுக்கு நிறுத்தியது ஏன் என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. வேலியில் நின்று சத்தம் போட்டவர்களுக்குப் பயந்து நாங்கள் நீதியைத் திருத்தப் போயிருக்கிறோம்.

ஐம்பத்தாறு அடி கூட ஓடி ஒரு கை நீளத்தில் தோற்றவள் அவள்.

சேர் அன்றைக்கே போய்ச் சுடலைமுத்து அண்ணையிடம் சொன்னார், மகளுக்கும் முதலிடம் தருகிறோம் என்றார். அவர் ஒப்பவில்லை. "பாவம்னு குடுக்குறத வாங்கிட்டு வந்தா அவ தலை நிமிருவாளா சாமி? வேணும்னா மறுபடி ஓடட்டும். நான் வந்து பாக்குறேன்" என்றார். பச்சை இல்லத்துப் பிள்ளையும் ஓடச் சம்மதித்துவிட்டாள்.

இந்தப் படத்தை இவ்வளவு நாள் நாங்கள் ஒருவரும் பார்க்காத மாதிரி யார் பார்த்தது? நீங்களா? நீங்கள் ஓட்டப்போட்டியில் ஓடியதே இல்லையே.

அம்மா பத்தியச் சாப்பாடு சாப்பிடச் சொல்கிறா.

பவளம்

*

வெள்ளவத்தை,
24.8.1998

அன்புள்ள பவளம்,

இது கன்னியர்மடத்துச் சிஸ்டர் ஒருவரின் கைப்பையில் வருகிறது, தபாலில் எழுத முடியாததை எழுதுகிறேன். நான் சுகம். அம்மாள் வருத்தம் எனக்கு வரவில்லை. யாரும் என் மேல் கை வைக்கவும் இல்லை. அம்மா அதைத்தான் முதலில் கேட்பா என்பதால் முதலில் எழுதுகிறேன். பிறகு மிச்சத்தை வாசித்துக் காட்டு.

ஜூன் பதினெட்டாம் திகதி காலையில் பொலிஸ்காரர் வந்தார்கள். எல்லா வீட்டுக்கும்தான் வந்தார்கள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு எல்லாம் சரி. திரும்பிப் போக வெளிக்கிட்ட ஒருவன் சுவரைப் பார்த்தான். "மே மொகத?" இது என்ன என்று கேட்டான். இஸ்கோலே, பள்ளிக்கூடம், விளையாட்டு என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டான். சொன்னேன். சண்டை நடக்கிற பக்கத்து ஊர் என்று அவனுக்குத் தெரியும்; படத்தையும் அதோடு வந்த உன் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு என்னையும் ஏற்றிப் போனான்.

நீயே அந்தத் தாளை அவர்களுடைய கண்ணால் பார். சிவப்பு மையில் ஒரு திடல். நாலு பெட்டிகள், நாலு தலைவர்களின் பெயர்கள். எல்லாப் பெட்டிகளிலிருந்தும் அம்புகள் புறப்பட்டு ஒரு இடத்துக்குப் போகின்றன. அந்த இடத்தில் வட்டம், வட்டத்துக்குள் பெருக்கல் அடையாளம், பக்கத்தில் "பிரதம விருந்தினர்". நிலையத்தில் மேசை மேல் அதை விரித்தபோது எனக்கே பயம் வந்தது. மயிலம்மா அக்கா ஏப்ரலிலேயே பார்த்தது இதைத்தான்.

தமிழ் வாசிக்கிறவர் விடுமுறையில். ஆறு நாள் இருந்தேன். நான் சொன்னது எதுவும் அந்தத் தாளை விடப் பெரிதாக இல்லை. ஆறாம் நாள் மொழிபெயர்ப்பாளர் வந்தார். நிலாம் என்று பெயர், நரைத்த ஆள். உன் மார்ச் கடிதத்தை முழுவதும் ஒரு தரம் வாசித்தார். பிறகு பொறுப்பதிகாரியான பெரியவருக்கு முன்னால் நின்று, வரி வரியாகச் சிங்களத்தில் சொன்னார். தைலப் போத்தல். அடுப்புச் சாம்பல். கதிரைக்கால் புதைந்த இடம் வந்ததும் கதவடியில் நின்ற பெண் பொலிஸ்காரி முதலில் சிரித்தாள். பெரியவர் சிரிக்கவில்லை. குறி வைக்கப்பட்ட ஆள் யார் என்று கேட்டார். நிலாம் உறையைத் திருப்பி முத்திரையைக் காட்டினார். "இந்த முத்திரையைக் குத்தியவர்தான் சேர். உப தபாலதிபர். தன்னைக் கொல்லும் திட்டத்தைத் தானே தபாலில் சேர்த்திருக்கிறார்." அப்போது பெரியவரும் சிரித்துவிட்டார்.

எனக்கு ஒரு கதிரை போட்டது அப்போதுதான். அதுவரை நின்றுகொண்டிருந்தேன்.

ஆனால் நிலாம் படத்தை விடவில்லை. விரலால் ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். என்னிடம் தமிழில் கேட்டார்: "தங்கச்சி, இருநூறும் இந்தக் கோட்டிலயா தொடங்கின? நாலு பேருமா?"

"ஓம்."

"அப்ப வெளியால ஓடின புள்ளைக்கு அநியாயம் நடந்திருக்கு. நானும் ஸ்கூல்ல இருநூறு ஓடினவன். அந்தப் புள்ள தோக்கல்ல."

ஆறு நாளில் முதல் தடவையாக, வேறொருவருக்கு நடந்த அநியாயத்தைப் பற்றி ஒருவர் என்னிடம் பேசினார். அதற்குப் பிறகு அங்கிருந்த ஐந்து நாளும் எனக்கு ஒரு வேலை இருந்தது. இந்தச் செய்தி உன்னிடம் வர வேண்டும். என்னை விடுதலை செய்யும் கடிதத்தில் ஒரு கையெழுத்து வர ஐந்து நாள் எடுத்தது. மர்ஸூக் நானா பிணை நின்றார். திங்கட்கிழமை தோறும் போய்க் கையெழுத்து வைக்கிறேன். என் பெயரில் திறந்த பொலிஸ் கோவையை மூடும்வரை.

பவளம், இனிப் படம் கீறாதே. பிழை உன்னுடையது அல்ல. கீறச் சொன்னவள் நான், ஒட்டியவளும் நான்.

இன்னொன்று. நான் படித்த பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுக்கூரை. ஓலையைத்தானே மேய்வார்கள், ஓட்டை யார் மேய்கிறார்கள்? நான் மறைத்ததைச் சொல்லிவிட்டேன். நீயும் சொல்.

அம்மா நேர்த்தியைச் செலுத்தட்டும். வருத்தம் வேறு என்றாலும் சுகம் வந்ததுதானே.

அக்கா
அருந்ததி

*

முதிரையடி,
20.9.1998

அன்பு அக்காவுக்கு,

இடத்தின் பெயரைப் பார்த்ததும் விளங்கியிருக்கும். உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம். சிஸ்டர் திரும்பி வருவதால் நானும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஜூன் பதினான்காம் திகதி ஷெல் விழுந்து வடக்குக் கட்டடத்தின் கூரை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் உள்ளே ஒருவரும் இல்லை. ஆகஸ்ட்டில் ஊர் முழுவதும் மூன்று மைல் தள்ளி இங்கே வந்துவிட்டோம். கரும்பலகைகளையும் இடாப்புகளையும் மாட்டு வண்டியில் கொண்டுவந்தோம். உங்களிடம் சொன்னால் நீங்கள் புறப்பட்டு வந்துவிடுவீர்கள் என்று அம்மா சொல்ல விடவில்லை. உங்கள் கடிதத்தை வாசித்தபோது அம்மா நீங்கள் கையெழுத்து வைத்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தா. நேர்த்தியைச் செலுத்தியாயிற்று.

இனி ஓட்டம். படம் இல்லை, சொல்லாலேயே கீறுகிறேன்.

இங்கே ஒரு தரிசு வயல் இருக்கிறது. செல்லையா சேர் மூன்று நாள் தனியாக முளை அடித்து, கயிறு பிடித்து, ஒவ்வொரு பாதையையும் இரண்டு தரம் அளந்தார். யாரையும் தொட விடவில்லை. போன புதன்கிழமை பின்னேரம் முழுப் பள்ளிக்கூடமும் வரம்பில் இருந்தது. குலுக்க வேண்டாம், எனக்கு அந்த நாலாவதையே தாருங்கள் என்றாள் இராமலெட்சுமி. சேர் அவளை ஐம்பத்தாறரை அடி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

உடனே சுடலைமுத்து அண்ணை எழும்பிவிட்டார். "ஏய் புள்ள, பின்னால வா. எல்லாரு முன்னாலயும் நம்மள கள்ளின்னு சொல்லவா?" என்று சத்தம் போட்டார். அவள் இறங்கிப் பின்னால் வரத் தொடங்கினாள். நமசிவாயம் சேர் அவளை நிற்கச் சொல்லிவிட்டு, சுடலைமுத்து அண்ணையின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். "நீங்களே நடந்து எண்ணுங்கோ" என்றார்.

அவர் எட்டு வைத்து நடந்தார். தோட்டத்தில் வரிசை அளந்து பழகிய கால், ஒரு எட்டும் கூடாது குறையாது. முதலாம் பாதையை முடித்தபோது இருநூற்று அறுபத்திரண்டு. நாலாம் பாதையில் வந்தார். பிள்ளைகள் எல்லாரும் சத்தமாக எண்ணினார்கள். இருநூற்று அறுபத்திரண்டு என்று சொன்ன இடத்தில் அவர் இன்னும் வளைவை விட்டே வரவில்லை. நின்றார். முன்னால் கோட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாக மிச்சத்தை நடந்தார். இருபத்திரண்டு எட்டு, அதற்கு மேல் அரை எட்டு.

கோட்டில் நின்று, சேரைப் பார்க்காமல், மகளைப் பார்த்துச் சொன்னார்: "அப்ப நீ தோக்கலயே புள்ள. நாலு மாசமா நாந்தான் தப்பா தண்ணி ஊத்த வச்சிருக்கேன்."

இனி ஓடத் தேவையில்லை, புத்தகத்தை எடு என்றார். ஆனால் அவள் இடத்தை விட்டு அசையவில்லை. "இருங்கப்பா. நிண்டது நிண்டுட்டேன்" என்றாள். ஓடினாள். சப்பாத்து இல்லை. நேரம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். சேரின் மணிக்கூட்டில் நொடிமுள் இல்லை. அவள் கோட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது மற்ற மூவரும் வளைவில் வந்துகொண்டிருந்தார்கள். பச்சை இல்லத்துப் பிள்ளைதான் முதலில் போய் அவளைக் கட்டிப்பிடித்தாள், "இப்ப எனக்கு விளங்குது" என்று சொல்லிக்கொண்டு.

வலயப் போட்டி இந்த வருடம் இல்லை. அது பரவாயில்லை. வியாழக்கிழமை காலையில் இடாப்புக் கூப்பிடும்போது அவள் இருந்தாள். பரீட்சைப் பட்டியலில் அவளுடைய பெயரை நமசிவாயம் சேர் வெட்டாமலே வைத்திருந்திருக்கிறார்.

அந்த நிலாம் ஐயாவிடம் சொல்வீர்களா? இராமலெட்சுமி கேட்கச் சொன்னாள். அவருக்கு ஒரு கிலோ காய்ந்த மிளகாய் அனுப்பலாமா என்று சுடலைமுத்து அண்ணை கேட்கிறார். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், அதையும் சோதனைச் சாவடியில் விளங்கப்படுத்த வேண்டி வரும்.

அம்மா இன்று இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டா.

உங்கள் பவளம்

*

வெள்ளவத்தை,
13.10.1998

அன்புள்ள பவளம்,

நான் சுகம், உண்மையாகவே. நீங்கள் எல்லாரும் சுகம் என்று இப்போது எனக்கும் உண்மையாகத் தெரியும். அது எவ்வளவு பெரிய விடயம்.

இந்தக் கடிதத்தைத் தபாலிலேயே போடுகிறேன். இடையில் யார் திறந்தாலும் வாசிக்கட்டும்.

நேற்றுத் திங்கட்கிழமை. கையெழுத்து வைக்கப் போனேன். நிலாம் அவர்கள் மேசையில் இருந்தார். உன் கடிதத்தில் ஓட்டம் இருந்த பக்கங்களை மட்டும் கொண்டுபோயிருந்தேன். நின்றபடியே வாசித்தார். சுடலைமுத்து அண்ணை எட்டு எண்ணும் இடத்தில் அவருடைய உதடும் எண்ணியது. முடித்துவிட்டு, நேரம் எடுக்காமல் விட்டுவிட்டார்களே என்று கவலைப்பட்டார். "நொடிமுள் உள்ள மணிக்கூடு ஒண்டு அந்த ஸ்கூலுக்கு வேணும்" என்றார். பிறகு பெண் பொலிஸ்காரியைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் முழுவதையும் சொன்னார். கதிரையோடு புதைந்த ஐயாவும் வந்திருந்தாரா என்று அவள் கேட்டாள். தெரியாது என்றேன். எழுதிக் கேள், அவளுக்குச் சொல்ல வேண்டும்.

கோவை மூடப்பட்டுவிட்டது. இனித் திங்கட்கிழமை போகத் தேவையில்லை. வாசலுக்கு வந்த பிறகு நினைவு வந்து, திரும்பிப் போய்ப் படத்தைக் கேட்டேன். தர முடியாதாம். இலக்கம் போட்டுப் பதிந்த தாள், கோவையோடுதான் இருக்க வேண்டுமாம். நிலாம் அவர்கள் அதை ஒரு தரம் எடுத்து எனக்குக் காட்டினார். கொடிக்கம்பம், கிணறு, ஓட்டுக்கூரையோடு வடக்குக் கட்டடம். நாலாவது பாதையின் தொடக்கத்தில், கோட்டுக்கு நன்றாக முன்னால், அவர் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்திருந்தார். இராமலெட்சுமி நிற்க வேண்டிய இடம்.

பிறகு அதைக் கட்டி, முத்திரை வைத்து, இரும்பு அலுமாரிக்குள் பூட்டினார். நாவலடிக்குளம் பள்ளிக்கூடம் அங்கே பத்திரமாக இருக்கிறது, பவளம். திருத்தத்தோடு.

வீட்டுக்கு வந்தேன். மயிலம்மா அக்கா தேத்தண்ணீரோடு நின்றா. எங்கேயும் மறிக்கவில்லை என்று அவ கேட்க முன்னமே சொன்னேன்.

நொடிமுள்ளுள்ள மணிக்கூடு ஒன்று வாங்கி அனுப்புகிறேன் என்று அம்மாவிடம் சொல். வந்ததும் அதைப் பள்ளிக்கூடத்துக்கு என்று நமசிவாயம் சேரிடம் கொடு.

அக்கா
அருந்ததி